சில வாரம் ஆண்ட ரோமப் பேரரசர்களின் காசுகள்: எது அரிது, எது அரிதில்லை, எங்கே தொடங்குவது

கேள்வி இதுதான். ரோமானியக் காசு சேர்க்கத் தொடங்கியிருக்கும் ஒருவர், சில வாரமோ சில மாதமோ மட்டும் ஆண்ட பேரரசர்களின் காசுகளாகப் பார்த்துச் சேர்க்க விரும்புகிறார். வெறும் 17 நாள் ஆண்டதாகச் சொல்லப்படும் குவின்டில்லஸின் காசு சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மூன்று மாதம் ஆண்ட ஓதோவின் நல்ல வெள்ளிக்காசு லட்சத்தைத் தாண்டுகிறது. இது ஏன், யாரிடமிருந்து தொடங்கலாம், எதில் ஏமாறக்கூடாது என்று கேட்கிறார்.

ஆட்சி குறுகியதென்றால் காசும் அரிது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். எத்தனை நாள் ஆண்டார் என்பதைவிட, அந்த நாட்களில் எந்த அக்கசாலை, அதாவது காசடிக்கும் கூடம், அவர் கையில் இருந்தது என்பதே முக்கியம். ரோம் நகரத்து அக்கசாலை கையில் இருந்தால் இரண்டே மாதத்தில் ஏராளமாக அடித்துத் தள்ளலாம். அரியணை ஏறியவுடன் படைக்கு அன்பளிப்பு தந்தாக வேண்டும்; தராதவர் தலை நிலைக்காது. ஆகவே புதிய முகம் பொறித்த காசு மிக விரைவிலேயே வெளிவந்துவிடும். எல்லைப்புறத்தில் ஒரு படைப்பிரிவு தூக்கிவிட்ட தளபதிக்கு அந்த வசதி இல்லை. அவர் இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தாலும் நமக்கு விரல்விட்டு எண்ணும் காசுகளே கிடைக்கலாம்.

இதற்கு நல்ல சான்று ரெகாலியானஸ். கி.பி. 260 வாக்கில் டான்யூப் எல்லையில் பேரரசராக அறிவிக்கப்பட்டவர். இன்றைய வியன்னாவுக்குக் கிழக்கே உள்ள கார்னுன்டத்தில் அவருக்காகக் காசு அடித்தார்கள். புதிதாக வில்லை, அதாவது அச்சுப் பதியாத வெறும் உலோகத் தட்டு, தயாரிக்க வசதியில்லை. கையிலிருந்த பழைய வெள்ளிக் காசுகளின் மேலேயே புது அச்சை வைத்து அடித்துவிட்டார்கள். உற்றுப் பார்த்தால் ரெகாலியானஸின் முகத்துக்கு அடியில் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய இன்னொரு பேரரசரின் தாடியோ எழுத்தோ தெரியும். அவர் மனைவி திரியான்டில்லாவின் பெயரிலும் இப்படியே அடித்திருக்கிறார்கள். எழுத்துகள் கோணல்மாணலாக இருக்கும். ஓர் ஆட்சியின் அவசரமும் வறுமையும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் காசு வேறெதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் இது சாமானியர் கைக்கு வரும் காசு இல்லை. அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து ஓதோ. கி.பி. 69 நான்கு பேரரசர்களின் ஆண்டு. ஜனவரி 15 அன்று கல்பா கொல்லப்பட ஓதோ ஏறினார். ஏப்ரல் நடுவில் பெட்ரியாக்கம் போரில் அவர் படை தோற்றது. அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பிறகு விட்டெல்லியஸ், அந்த ஆண்டு முடிவதற்குள் வெஸ்பாசியன். ஓதோவின் மூன்று மாதமும் ரோம் அக்கசாலை ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அவருடைய தினாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக்காசு, அப்படியொன்றும் காணக் கிடைக்காததல்ல. பெரிய ஏலங்களில் அடிக்கடி வருகிறது. பிறகு ஏன் இந்த விலை? பன்னிரு சீசர்கள் என்ற வரிசைதான் காரணம். ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரை பன்னிருவரின் வாழ்க்கையை சூட்டோனியஸ் எழுதிவைத்தார். அந்தப் பன்னிருவருக்கும் ஆளுக்கொரு காசு என்று தொகுப்பது சேகரிப்பாளர்களின் நெடுநாள் வழக்கம். அந்த வரிசையில் எல்லோரும் கடைசியில் முட்டிக்கொண்டு நிற்பது ஓதோவிடம். காசு குறைவு என்பதைவிடக் கேட்பவர்கள் அதிகம் என்பதே அந்த விலையின் ரகசியம்.

ஓதோவின் காசைப் பார்க்கும்போது தலைமுடியைக் கவனியுங்கள். அவருக்கு முடி குறைவு, அதை மறைக்கப் பொய்முடி வைத்திருந்தார் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். காசிலும் முடி வரிசை வரிசையாக, சீவி ஒட்டியதுபோல் இருக்கும். பின்பக்கத்தில் அதிகம் காணப்படும் வாசகம் 'செக்யூரிட்டாஸ் பி ஆர்', அதாவது ரோம மக்களின் பாதுகாப்பு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது அடித்தது அது.

இங்கே ஒரு செய்தியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரோமில் ஓதோவுக்குத் தங்கமும் வெள்ளியும் மட்டுமே அடித்தார்கள். வெண்கலம் அடிக்கவே இல்லை. சிரியாவின் அந்தியோக்கில் அவர் பேரில் வெண்கலம் உண்டு, எகிப்தின் அலெக்சாண்டிரியாவிலும் காசு உண்டு. ஆனால் ரோமில் அடித்த ஓதோவின் பெரிய வெண்கலக் காசு, செஸ்டர்ஷியஸ், என்று யாராவது காட்டினால் அது போலி. சேகரிப்பாளர்கள் அதற்கு ஏங்கினார்கள் என்பதாலேயே 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் படுவா நகரக் கலைஞர் ஜொவான்னி கவினோ அழகான ஓதோ செஸ்டர்ஷியஸ்களை உருவாக்கினார். அவை இன்று கலைப்பொருளாகத் தனி மதிப்புடன் விற்கின்றன. அதன் பிற்கால வார்ப்பு நகல்கள்தான் சந்தையில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

கி.பி. 193-ஐப் பற்றி விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு அது. ஜனவரி 1 அன்று ஏறிய பெர்டினாக்ஸ் ஒழுங்கு கொண்டுவர முயன்றார். காசில் வெள்ளியின் அளவைக்கூட உயர்த்தினார். மார்ச் 28 அன்று மெய்க்காவல் படையினர் அவரைக் கொன்றார்கள். அதன் பிறகு நடந்ததை அக்காலத்திலேயே வாழ்ந்த செனட்டர் டியோ வெட்கத்தோடு பதிவு செய்திருக்கிறார். காவல்படையின் பாசறையில் பேரரசு ஏலத்துக்கு வந்தது. உள்ளே நின்ற சுல்பிசியானஸ் தலைக்கு 20,000 செஸ்டர்ஷியஸ் வரை போக, வெளியே நின்ற டிடியஸ் ஜூலியானஸ் ஒரேயடியாக 25,000 என்று ஏற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான்கு செஸ்டர்ஷியஸ் ஒரு தினாரியஸ். ஆக, ஒரு வீரனுக்கு 6,250 வெள்ளிக்காசு.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஜூலியானஸின் தினாரியஸைக் கையில் எடுங்கள். பெர்டினாக்ஸ் உயர்த்திய வெள்ளித் தரம் மறுபடி இறங்கியிருக்கிறது. பின்பக்கத்தில் 'கான்கார்ட் மிலிட்' என்று படைவீரர்களின் ஒற்றுமையைப் போற்றும் பெண் உருவம், இரு கையிலும் படைக் கொடிகளோடு நிற்கிறாள். இன்னொரு வகையில் 'ரெக்டார் ஆர்பிஸ்', உலகை நடத்துபவர் என்ற வாசகத்தோடு அவரே கையில் உலக உருண்டையை ஏந்தி நிற்கிறார். 66 நாளில், ஜூன் தொடக்கத்தில், கைவிடப்பட்டுக் கொல்லப்பட்டார். மனைவி மான்லியா ஸ்கான்டில்லாவுக்கும் மகள் டிடியா கிளாராவுக்கும் கூட அந்த 66 நாளுக்குள் தனித்தனியே காசு அடித்தாயிற்று. ஸ்கான்டில்லாவின் காசு பின்புறம் ஜூனோ தேவி, கிளாராவின் காசு பின்புறம் காலத்தின் மகிழ்ச்சி என்ற வாசகம். அந்தப் பெண் மகிழ்ச்சியைக் கண்ட காலம் எவ்வளவு என்று நினைத்தால் மனம் கனக்கிறது. மூவரின் காசும் விலை கூடியவைதான். ஆனால் நீங்கள் பல ஆண்டு பொறுத்து ஒரே ஒரு விலையுயர்ந்த காசு வாங்குவதாக இருந்தால், ஓதோவுக்கு முன் ஜூலியானஸைப் பாருங்கள் என்பேன். ஓதோவின் காசில் ஒரு முகம் இருக்கிறது. ஜூலியானஸின் காசில் நடந்த பேரமே இருக்கிறது.

கி.பி. 238 ஆறு பேரரசர்களின் ஆண்டு. பேரரசர் மாக்ஸிமினஸின் வரிக்கொடுமை தாங்காமல் இன்றைய துனிசியாவின் எல் ஜெம் பகுதி நிலக்கிழார்கள் கிளர்ந்தெழுந்து, ஏறத்தாழ 80 வயதான ஆளுநர் கோர்டியனைப் பேரரசராக்கினார்கள். அவர் மகனையும் சேர்த்துக்கொண்டார். மூன்று வாரம்தான். மாக்ஸிமினஸின் பக்கம் நின்ற, அண்டை மாகாணமான நுமிடியாவின் தளபதி கப்பெலியானஸ் படையோடு வர, மகன் போரில் இறந்தார், தந்தை தூக்கிட்டுக்கொண்டார். தந்தையும் மகனும் ஆப்பிரிக்காவைவிட்டு நகரவே இல்லை. ஆனால் செனட் ஏற்றுக்கொண்டதால் ரோம் நகரத்தில் அவர்கள் பெயரில் வெள்ளியும் வெண்கலமும் அடித்தார்கள். பேரரசர்கள் கண்ணால் பார்த்திராத காசுகளாகக்கூட அவை இருக்கலாம்.

இரண்டு கோர்டியன்களின் காசிலும் வாசகம் ஒன்றே. ஆஃப்ரிகானஸ் என்பதன் சுருக்கமான ஏ, எஃப், ஆர் என்ற மூன்று எழுத்துகள் இருவருக்கும் பொது. பிரித்தறிய முகத்தைத்தான் பார்க்க வேண்டும். தந்தைக்கு ஒடுங்கிய கன்னம், முன்நெற்றி வரை முடி. மகனுக்குச் சதைப்பிடிப்பான முகம், முன்வழுக்கை. பின்பக்கமும் உதவும்: வெள்ளிக்காசில் 'ப்ராவிடென்ஷியா', 'விக்டோரியா', 'விர்டஸ்' என்றால் மகனுடையது. மூன்றாம் கோர்டியன் இவர்களின் குடும்பத்துச் சிறுவன், ஆறு ஆண்டு ஆண்டவன். அவன் காசு மலிவு. அதைக் காட்டி வெறுமனே 'கோர்டியன்' என்று தலைப்பிட்டு விற்பவர்கள் உண்டு. அந்த மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

இவர்களுக்குப் பின் செனட் தேர்ந்தெடுத்த பால்பினஸும் பூப்பியெனஸும் சரிசமமான இரட்டைப் பேரரசர்கள். சுமார் மூன்று மாத ஆட்சி. பல ஆண்டு நிறுத்திவைத்திருந்த அண்டோனினியானஸ் என்ற காசை இவர்கள் மீண்டும் கொண்டுவந்தார்கள்; கதிர்முடி சூடிய தலையோடு, இரண்டு தினாரியஸ் மதிப்புக்கு அடித்த காசு அது. பின்பக்கத்தில் இரண்டு வலக்கைகள் பற்றிக் குலுக்கும் சின்னம். சுற்றிலும் 'பரஸ்பர அன்பு', 'பரஸ்பர நம்பிக்கை', 'பரஸ்பரப் பற்று' என்று ஒவ்வொரு காசிலும் ஒவ்வொரு வாசகம். உண்மையில் ஒருவர் மேல் ஒருவருக்குத் துளி நம்பிக்கை கிடையாது. மெய்க்காவல் படை கொல்ல வந்தபோது, ஜெர்மானியக் காவலர்களை அழைக்கலாம் என்று பூப்பியெனஸ் சொன்னார். அது தன்னைக் கவிழ்க்கும் சூழ்ச்சி என்று நினைத்து பால்பினஸ் தடுத்தார். அந்த வாக்குவாதத்திலேயே நேரம் போய் இருவரும் சேர்ந்து செத்தார்கள் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் ஹெரோடியன். வெள்ளி இன்னும் ஓரளவு நன்றாக இருந்த காலத்துக் காசு, செதுக்கும் வேலை அருமை, பூப்பியெனஸின் நீண்ட தாடியும் பால்பினஸின் கொழுத்த தாடையும் உயிரோடு இருக்கும். விலையும் கோர்டியன் தந்தை மகனைவிட வெகுவாகக் குறைவு. நடுத்தரச் செலவில் ஒரு காசு என்றால் என் பரிந்துரை இதுதான்.

இனி மலிவான பக்கம். கி.பி. 250-க்குப் பிறகு பேரரசு சிதறியது, காசும் சிதைந்தது. 270 வாக்கில் அண்டோனினியானஸில் வெள்ளி நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். மீதி செம்பு. ஆனால் அடித்த எண்ணிக்கை மலைக்க வைக்கும். குவின்டில்லஸ் மலிவாகக் கிடைப்பது இதனால்தான். அண்ணன் இரண்டாம் கிளாடியஸ் கொள்ளைநோயில் இறந்ததும் ஏறியவர் இவர். எழுத்தாளர்கள் சிலர் 17 நாள் என்கிறார்கள். 354-ஆம் ஆண்டுக் காலக்கணிப்பு நூலோ 77 நாள் என்கிறது. ரோம், மிலான், சிஸ்கியா அக்கசாலைகளிலிருந்து வந்துள்ள காசுகளின் வகையையும் குவியலையும் பார்த்தால் 17 நாளில் இது நடக்கக்கூடிய வேலை இல்லை. நீண்ட கணக்கின் பக்கமே காசு சாட்சி சொல்கிறது.

இதைவிடச் சுவையான வழக்கு மாரியஸ். கி.பி. 269-இல், இன்றைய பிரான்சை உள்ளடக்கிய 'கால்' (Gaul) என்ற பகுதியை ரோமிலிருந்து பிரித்து போஸ்டுமஸ் ஆண்டுகொண்டிருந்தார். மைன்ஸ் நகரில் லேலியானஸ் கலகம் செய்தார். போஸ்டுமஸ் அதை அடக்கினார், ஆனால் நகரைக் கொள்ளையடிக்க விடவில்லை என்று சொந்தப் படையே அவரைக் கொன்றது. அடுத்து வந்தவர் மாரியஸ், கொல்லராக இருந்தவர் என்று கதை. இரண்டாம் நாளே கொல்லப்பட்டார் என்று யூட்ரோப்பியஸ் எழுதினார். மூன்று நாள் கணக்கு ஒன்றும் உண்டு. ஆனால் இரண்டு அக்கசாலைகளில், பல வகைப் பின்பக்கங்களோடு, நிறைய அச்சுகளால் அடித்த மாரியஸ் காசுகள் நம் கையில் இருக்கின்றன. சில மாதமாவது ஆண்டிருக்க வேண்டும். லேலியானஸின் பெயரையே ஒரு பழைய நூல் லோலியானஸ் என்று தவறாகச் சொல்கிறது. சரியான பெயர் அவர் காசில் இருக்கிறது. மாரியஸ் காசு எட்டும் விலையில் கிடைக்கும். லேலியானஸ் அதைவிடக் கூடுதல், அவ்வளவு எளிதில் அகப்படாது.

அதே காலத்தவர் 253-இல் மூன்று மாதம் ஆண்ட ஏமிலியன், 276-இல் அதே அளவு ஆண்ட ஃப்ளோரியன், 260-61-இல் கிழக்கே ஆண்ட சகோதரர்கள் மாக்ரியானஸும் குவையட்டஸும். எல்லோருமே கிடைக்கக்கூடியவர்கள். நான்காம் நூற்றாண்டில் ஜோவியன் எட்டு மாதம் ஆண்டார், அவர் செம்புக்காசு தாராளம். 350-இல் பத்து மாதம் ஆண்ட வெட்ரானியோவையும் விட்டுவிடாதீர்கள். தானே பதவி இறங்கி, உதவித்தொகை பெற்று அமைதியாக வாழ்ந்து இறந்த அபூர்வ மனிதர் அவர். அதே ஆண்டில் ரோமில் 28 நாள் ஆண்ட நெப்போஷியானஸின் காசு மட்டும் மிக அரிது.

தொடங்குகிறவர் வாங்கும் வரிசை என்று கேட்டால்: குவின்டில்லஸ், ஜோவியன், பிறகு மாரியஸ், ஃப்ளோரியன். அதன்பின் பால்பினஸ் அல்லது பூப்பியெனஸ். மலிவான காசுகளில் முகம் பார்க்கப் பழகுங்கள். குவின்டில்லஸ் சில காசுகளில் அண்ணன் கிளாடியஸ் போலவே இருப்பார். புதியவரின் உருவம் செதுக்குபவர் கைக்கு வந்து சேருமுன்னரே அச்சு வெட்ட வேண்டியிருந்த அவசரம் அது.

போலிகளைப் பற்றி. அரிய பெயர் என்றாலே போலி அதிகம். வார்ப்புக் காசில் பரப்பில் நுண்ணிய குமிழ்க்குழிகள் இருக்கும், எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், ஓரத்தில் ஒட்டுக்கோடு தெரியலாம். ஒரே அச்சில் அடித்த இரண்டு உண்மைக் காசுகள் இருக்க முடியும். ஆனால் வில்லையின் வடிவம், அச்சு விலகிய அளவு, ஓரத்து வெடிப்பு எல்லாமே இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அவை ஒரே வார்ப்புக் கட்டிலிருந்து வந்தவை. இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது, மலிவான உண்மைக் காசின் எழுத்தைச் சுரண்டி அரிய பேரரசர் பெயராக்குவது. எழுத்தைச் சுற்றிப் பரப்பு தாழ்ந்திருக்கிறதா, அந்த இடத்தில் மட்டும் பச்சைக் களிம்பு இல்லாமல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் இலவச இணையத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பேரரசருக்கும் எந்தெந்த வகை உண்டு என்று படத்தோடு பார்க்கலாம். அங்கே இல்லாத வகையை 'புதிய கண்டுபிடிப்பு' என்று விற்க வந்தால் விலகிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கரூர், கோயம்புத்தூர் வட்டாரப் புதையல்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸும் திபேரியஸும்தான். கி.பி. 64-இல் நீரோ காசின் எடையையும் தரத்தையும் குறைத்த பிறகு தினாரியஸ் இங்கே வருவது வெகுவாகக் குறைந்துபோனது. ஆகவே 'ஆற்றில் கிடைத்த ஓதோ' என்று யாராவது சொன்னால் மிக எச்சரிக்கையாக இருங்கள். உண்மையிலேயே மண்ணில் கிடைத்ததாக இருந்தால் அதை வாங்கவே கூடாது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எதுவாயினும் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறாண்டைத் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் வாங்கினாலும் முந்தைய ஏலப் பதிவு, பழைய தொகுப்பின் பெயர் என்று ஏதாவது எழுத்துச் சான்றோடு வரும் காசையே எடுங்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் இரண்டாம் டொமிஷியானஸ். 1900-இல் பிரான்சின் நான்ட் நகருக்கு அருகே கிடைத்த புதையலில் இந்தப் பெயரில் ஒரு காசு இருந்தது. யாரும் கேள்விப்படாத பேரரசர் என்பதால் போலி என்று ஒதுக்கினார்கள். 2003-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் சால்குரோவ் என்ற ஊரில் ஏறத்தாழ 5,000 காசுகள் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்த ஒரு பானை அகப்பட்டது. கண்டெடுத்தவர் அதை உடைத்து விற்காமல் அப்படியே ஒப்படைத்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தபோது இன்னொரு டொமிஷியானஸ் வெளியே வந்தார், அதே அச்சில் அடித்தவர். நூறாண்டு இடைவெளியில், இரண்டு நாடுகளில், ஒரே அச்சின் இரண்டு காசுகள். 271 வாக்கில் அப்படி ஒருவர் பேரரசராக இருந்தார் என்பது அன்றுதான் உறுதியானது. பானையை உடைத்து அந்தக் காசைத் தனியே சந்தையில் விட்டிருந்தால், இரண்டாவது போலி என்று சொல்லி அதையும் ஒதுக்கியிருப்பார்கள். இன்று அது ஆக்ஸ்ஃபர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.